ஆமணக்கு போட்டாச்சு, போய்ப் பார்த்தீங்களா?

நிலக்கடலை பற்றிப் பேச்சு வந்தாலே, "வரப்போரம் ஆமணக்கு போடுங்க, புரோடீனியா புழு அங்க போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பயிருக்குப் போய்விடுகிறோம். நானும் சொன்னவன்தான். இது பாதி யோசனை. பாதியோடு நின்றால் ஆபத்து என்பது என் கருத்து.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்த முதல் வருஷம், ஒரு ஏக்கர் கடலையைச் சுற்றி ஆமணக்கு விதைத்தேன். நல்லா வந்தது. அதோடு விட்டுட்டேன். ஒருநாள் பார்த்தால் ஆமணக்கில் நரம்பு மட்டும் மிச்சம், ஓரத்து நாலைந்து வரிசைக் கடலையும் மொட்டை. பொறி வைத்ததாக நினைத்துக்கொண்டு புழுவுக்கு நாற்றங்கால் போட்டிருக்கிறேன்!

தாய்ப்பூச்சி கண்ட இடத்தில் முட்டை வைக்காது. பொரிக்கும் சின்னப் புழுவால் வெகுதூரம் போக முடியாதே. பகலில் கறிவேப்பிலைச் செடிக்கு வரும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியைக் கவனியுங்கள். கொழுந்தை முன்காலால் தட்டி ருசி பார்த்து, பிடித்தால்தான் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புரோடீனியா அந்துப்பூச்சி வருவது ராத்திரியில். கடலையும் ஆமணக்கும் பக்கத்தில் இருந்தால் அகலமான ஆமணக்கு இலையைத்தான் அதிகம் தேடும். ஒரே இடத்தில் 200, 300 முட்டைகளைக் குவித்து, தன் வயிற்று ரோமத்தால் மூடிவிட்டுப் போகும். பழுப்பாகப் பஞ்சு ஒட்டினது மாதிரி இருக்கும்.

இந்தக் குவியல்தான் நமக்கு வசதி. 3 முதல் 5 நாளில் பொரிக்கும். பொரித்த புழுக்கள் சில நாள் கூட்டமாகவே இருந்து பச்சையத்தைச் சுரண்டும், இலை வெளுத்துச் சல்லடையாகத் தெரியும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கில் போச்சு. விட்டால் கலைந்து, பகலில் மண்ணுக்குள், ராத்திரியில் மேய்ச்சல். கடனைக் கொடுத்துவிட்டு வசூலுக்குப் போகாத கிளை மேலாளர் கதைதான்.

இப்போது வாரம் இரண்டு காலை, வீட்டுக்காரம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவோம். கையில் சோப்புத் தண்ணி வாளி. அரைமணி நேர வேலை. வேப்பங்கொட்டைக் கரைசல் கடலைக்கு மட்டும். அது பட்ட இலையில் முட்டை வைக்கப் பூச்சி தயங்கும். ஆமணக்குக்கும் சேர்த்து அடித்தால், விருந்துக்குக் கூப்பிட்டு வாசலைச் சாத்தின மாதிரி.

சுற்றிப் பார்க்க நேரமில்லாதவர் ஆமணக்கே போட வேண்டாம் என்றுதான் இப்போது சொல்கிறேன். போன கூட்டத்தில் ஒரு தம்பி இதற்குச் சண்டைக்கே வந்துட்டார். அடுத்த வாரம் காலையில் அவர் தோட்டத்துக்கு வருகிறேன், ஆமணக்கு இலையைச் சேர்ந்தே திருப்பிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.