புள்ளி மறைந்த பிறகு...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், விமானங்களைக் காட்டும் இணையதளத்தைத் திறந்து, சிதம்பரத்துக்கு மேலே நகரும் புள்ளிகளை வியந்து பார்க்கிறார்கள். அந்தப் புள்ளி எப்படி வருகிறது தெரியுமா? விமானம் தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானே அறிவித்துக்கொண்டே பறக்கிறது. தரையில் உள்ள ரிசீவர்கள் அதை வாங்கி இணையத்துக்கு அனுப்புகின்றன. கடல்மேல் தொலைவில், தாழ்வாகப் பறந்தால் சிக்னல் எட்டாது, புள்ளி மறைந்துவிடும். அதற்காகப் பதற வேண்டாம்.

ஆனால், உண்மையிலேயே விமானம் கடலில் விழுந்தால்? ரேடியோ அலைகள் தண்ணீருக்குள் அதிக தூரம் செல்லாது. அங்கே ஒலிதான் உதவும்.

2015 ஜூன் 8 அன்று, சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் 3 பேருடன் காணாமல் போனது. கடலடியிலிருந்து 37.5 கிலோஹெர்ட்ஸில் வந்த ஒலியைக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கண்டறிந்தது. ஜூலையில்தான் கறுப்புப் பெட்டி கடலூருக்கு அப்பால் ஆழ்கடலில் கிடைத்தது. மூவரும் திரும்பவில்லை.

இந்த ஒலிக் கருவியின் பேட்டரி அப்போது வழக்கமாக 30 நாட்களே உழைத்தது. தேடலோ ஒரு மாதத்தைத் தாண்டியது. பெரிய பயணிகள் விமானங்களுக்கு 90 நாள் பேட்டரி வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கடல்மேல் பறக்கும் சிறிய விமானங்களுக்கும் அது கட்டாயமாக வேண்டும் என்பதே என் கருத்து. செலவு கூடும்தான். கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் அல்லவா?