கடந்த காலம் உள்ள கதாநாயகி

மலிவு விலைக் காதல் நாவல்களின் தலைநகரம் லண்டன் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் அது நாம் குளிர்காயும் இந்த ரொறன்ரோதான். 1949இல் வினிப்பெக்கில் தொடங்கிப் பின்னர் ரொறன்ரோவுக்கு வந்த ஹார்லெக்வின் பதிப்பகம் ஆரம்பத்தில் துப்பறியும் கதை, கௌபாய்க் கதை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் சட்டைப்பைப் பதிப்பாக அச்சடித்தது. 1957 முதல் லண்டன் மில்ஸ் அன்ட் பூனிடமிருந்து டொக்டர்-நேர்ஸ் காதல் கதைகளை வாங்கி மறுபதிப்புச் செய்தது. அவை விற்ற வேகத்தைப் பார்த்து மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. 1971இல் மில்ஸ் அன்ட் பூனையே விலைக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் தலைமைக்கு வந்த லோரன்ஸ் ஹைசி, அதற்கு முன்னர் சவர்க்காரம் விற்கும் புறொக்டர் அன்ட் காம்பிளில் வேலை பார்த்தவர். பாலும் பாணும் வாங்கப் போன இடத்திலேயே பெண்கள் நாவலும் வாங்கலாம் என்று கண்டுகொண்டவர்கள் இவர்கள். 2014இல் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையின் தாய் நிறுவனம் ஹார்லெக்வினை 455 மில்லியன் டொலருக்கு நியூஸ் கோர்ப்பிடம் விற்றது. எந்தச் சிற்றிதழும் கனவிலும் காணாத தொகை.

இத்தனை பணத்தையும் சம்பாதித்துக் கொடுத்த கதைகளில் பாதிக்கு மேல் ஒளித்துவைத்த கடந்த காலத்தைப் பற்றியவை என்று சொன்னால் அந்த வாசகர்கள் மறுக்கமாட்டார்கள். நாயகனுக்குத் தெரியாமல் வளரும் அவனுடைய குழந்தை, நினைவு தப்பிய மனைவி, வேறு பெயரில் வேலைக்கு வந்து சேர்ந்தவள் என்று வகைக்கு ஒரு வரிசையே உண்டு. இரகசியம் கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதில் உடையும், கடைசியில் கலியாணம்.

இந்தச் சரக்கு ஹார்லெக்வினுக்கு முன்பே இருந்தது. சார்லட் பிராண்டியின் ‘ஜேன் எயர்’ (1847) நாவலில் மேல்மாடியில் பூட்டப்பட்டிருக்கும் முதல் மனைவி ரொச்செஸ்டருடைய கடந்த காலம். டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ (1938) நாவலில் மனைவியைக் கொன்றவனே கணவன். இரண்டிலும் கதாநாயகி அறிந்தபின்னும் கடைசியில் அவனோடுதான் வாழ்கிறாள். ஆணுக்குக் கடந்த காலம் இருந்தால் அது ஆழம், கொஞ்சம் கவர்ச்சியும்கூட. பெண்ணுக்கு இருந்தால் அது குற்றப்பத்திரிகை, விசாரித்து விடுதலை செய்தாக வேண்டும்.

தமிழில் இந்த விசாரணை இன்னும் கறாராக நடக்கும். ஸ்காபுறோ நூலகக் கிளைகளின் தமிழ் அடுக்குகளில் ரமணிச்சந்திரன் நாவல்கள் அட்டை கசங்கி, முதுகு ஒட்டப்பட்டு நிற்கின்றன. எங்கள் சிற்றிதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அத்தனை கைகள் பட்டிருக்காது. அந்த வகை நாவலில் நாயகி மீது ஒரு பழி இருக்கும். தங்கைக்காகவோ தோழிக்காகவோ அதைச் சுமப்பாள். நாயகன் சந்தேகப்படுவான், சுடுசொல் சொல்வான், கடைசியில் உண்மை தெரிந்து உருகுவான். உண்மை என்ன? அவளுக்குக் கடந்த காலமே இல்லை என்பதுதான். இரகசியத்தைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது. அந்த ஒன்றுமில்லாமைதான் அவளுக்குச் சீதனம்.

ஜெயகாந்தன் இதில் கைவைத்தபோது என்ன நடந்தது என்பது தெரிந்ததே. 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழையில் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றுகிறாள், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவ்வளவுதான். அதற்கே அத்தனை கூச்சல். பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதியபோது, அதே தாய் மறைக்கத் தெரியாமல் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டினார். கங்காவின் வாழ்க்கை அதன் பிறகு முழுவதும் ஒரு வாக்குமூலத்தின் கீழ் போகிறது. புதுமைப்பித்தனின் அகலிகைக்கு, இராமன் வந்து மன்னித்த பின்னும், சீதை தீக்குளித்த செய்தி கேட்டதும் மறுபடி கல்லாவதைத் தவிர வழியில்லை. எனக்கு இந்த மூன்று கதைகளும் காதல் கதைகள் அல்ல என்பதுதான் உறுத்துகிறது. கடந்த காலத்தை நேர்மையாக எழுதியவர்கள் அதற்குப் பிறகு ஒரு காதலை எழுதவில்லை. காதலை எழுதியவர்கள் கடந்த காலத்தைக் கழுவித் துடைத்துவிட்டார்கள்.

இந்த நகரத்துத் தமிழ்ப் பெண்களோ கடந்த காலம் இல்லாமல் இங்கே வந்தவர்கள் அல்லர். எங்கள் கனடா வருகையின் முதல் அத்தியாயமே மறைத்த கதைதான். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர், தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். கப்பல் ஏறியது மேற்கு ஜேர்மனியில் என்று சில நாட்களில் தெரிந்துபோனது. அரசு திருப்பி அனுப்பவில்லை. ஒரு நாடு மன்னித்ததை ஒரு கலியாணப் புறோக்கர் மன்னிக்கமாட்டார். ‘பெடிச்சிக்கு முந்தி ஏதும் தொடர்பு இருந்ததோ? இயக்கத்தில இருந்ததோ?’ என்று அவர் இன்றைக்கும் மார்க்கத்திலிருந்து வவுனியாவுக்கு ஃபோன் அடித்து விசாரிக்கிறார். இயக்கத்தில் இருந்த ஆணை மேடையில் ஏற்றிச் சால்வை போடுகிறோம். இயக்கத்தில் இருந்த பெண் கூந்தல் வளரும்வரை வெளியில் வராமல் இருக்க வேண்டியிருந்தது.

அகதி விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை. அகதிச் சபையின் முன் கதை ஒரே மாதிரி நிற்க வேண்டும். படிவத்தில் உள்ள திகதியும் வாயால் சொல்லும் திகதியும் பிசகினால் கேஸ் ஆடிப்போய்விடும். ஆகவே ஒரு பெண் தன் வாழ்க்கையைத் திகதி வரிசையில் மனப்பாடம் செய்கிறாள். சோதனைச் சாவடியில் நடந்ததை லோயரிடம் சொல்கிறாள், மொழிபெயர்ப்பாளரிடம் சொல்கிறாள், முன்பின் தெரியாத ஓர் உறுப்பினரிடம் சொல்கிறாள். வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. மொழிபெயர்த்தவரை அடுத்த வருடம் ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் காண்கிறாள். இருவரும் தெரியாதவர்கள் போல் இடியப்பம் எடுத்துப்போடுகிறார்கள். இதைவிட நல்ல தொடக்கம் எந்தக் காதல் நாவலுக்குக் கிடைக்கும்?

இந்த ஊர்க்காரி ஒருத்தியின் கதையை மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதினார். இங்கே யங் வீதி வழியாக வடக்கே போனால் ரிச்மண்ட் ஹில். 1843இல் அங்கே தோமஸ் கினியரும் அவருடைய வீட்டைப் பராமரித்த நான்சி மொன்ட்கொமறியும் கொல்லப்பட்டார்கள். அயர்லாந்திலிருந்து வந்த பதினாறு வயது வேலைக்காரி கிரேஸ் மார்க்ஸ் தண்டிக்கப்பட்டாள். ஏறக்குறைய முப்பது வருடம் அடைபட்டிருந்து 1872இல் மன்னிப்புப் பெற்றாள். அவள் கொன்றாளா இல்லையா என்பதை அட்வுட்டின் அந்த நாவலான ‘ஏலியஸ் கிரேஸ்’ கடைசிவரை சொல்வதில்லை. என்னைப் பிடித்து வைத்திருப்பது அதன் முடிவு. விடுதலைக்குப் பிறகு கிரேஸ், சிறுவனாக இருந்தபோது தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவனையே மணக்கிறாள். அவனுக்கு அவள் பட்ட துன்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அவளும் அவன் ஆசைக்கு ஏற்பச் சொல்லிக் கொடுக்கிறாள். குற்றவாளியாகவோ நிரபராதியாகவோ நிரூபிக்கப்படாமலே ஒரு பெண்ணுக்கு வீடும் தோட்டமும் துணையும் கிடைக்கலாம் என்று எழுத அட்வுட்டால் முடிந்திருக்கிறது. அந்தத் துணையிலும் ஒரு கோணல் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ இந்திய இராணுவக் காலத்துக்குள் ஒரு காதலை வைத்து எழுதப்பட்டது. ஆனால் அங்கே காதல் போருக்குள் நடக்கிறது. நான் கேட்பது போருக்குப் பின், நாற்பது வயதில், ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து வரும் ஒருத்திக்கு நடப்பதை. இயக்கத்தில் இருந்த தமிழினியின் தன்வரலாறான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் அவர் இறந்தபின் வெளிவந்தபோது, எழுதியது யார், எவ்வளவு எழுதினார் என்று இங்கே மாதக்கணக்கில் சண்டை பிடித்தோம். ஒரு பெண் தன் கடந்த காலத்தைச் சொன்னால் எங்கள் முதல் எதிர்வினை அத்தாட்சி கேட்பதுதான். சபை உறுப்பினரிடமிருந்து கற்றுக்கொண்டோமோ அல்லது அவருக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோமோ தெரியாது.

காதல் கதை என்றாலே சிற்றிதழ் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பின் விலை, காதலை முழுவதுமாக ரமணிச்சந்திரனிடமும் தொலைக்காட்சித் தொடரிடமும் விட்டுக்கொடுத்தது. அவர்கள் வாசகியை அறிந்தவர்கள். நாங்கள் வாசகியைச் சந்தித்ததே குறைவு.

ஆகவே அடுத்த இதழுக்குக் காதல் கதைகள் கேட்கிறோம். நாயகிக்குக் கடந்த காலம் இருக்க வேண்டும். அது தவறான புரிதலாக இருக்கக்கூடாது, உண்மையாகவே நடந்திருக்க வேண்டும். அவள் அதை யாரிடமும் சொல்லாமலேயே கதை முடியலாம், அதையும் ஏற்போம். முடிவு சந்தோஷமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். சொந்தப் பெயரில் எழுதத் தேவையில்லை. படம், ஊர், இயக்கம், வந்த ஆண்டு எதையும் கேட்கமாட்டோம். உங்கள் கதையா, கற்பனையா என்றும் கேட்கமாட்டோம்.