புதுவீட்டார் தலையில் ஊர்ச்சுமை

வீடொன்று எழுந்தால் அதற்கு நீர் வேண்டும், கழிவு போக வழி வேண்டும், சாலை வேண்டும். அச்செலவில் ஒரு பங்கைக் கட்டுவோரிடம் உள்ளாட்சி கேட்பது முறையே. அப்பங்கு எவ்வளவு என்பதன்றோ வினா!

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பால் ஒரு வரிக்காப்பு வந்தது. மனை, வீடுகளின் மீதான வரி அவற்றின் மதிப்பில் நூற்றுக்கு 1-ஐத் தாண்டலாகாது. கைமாறும்வரை அம்மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குமேல் உயரலாகாது. பழங்குடியிருப்போர் மகிழ்ந்தனர். வருவாய் சுருங்கிய உள்ளாட்சிகளோ, புதிதாய்க் கட்டுவோர்மேல் வளர்ச்சிக் கட்டணத்தை ஏற்றலாயின. இனிமேல் வரப்போவோர்க்கு அவ்வூரில் இன்னும் வாக்கில்லையே, அஞ்சுவானேன்?

அங்கே எல் தொராதோ மாவட்டத்தில் ஒருவர், ஆலையில் செய்து கொணர்ந்து நிறுத்தும் வீடொன்றைத் தம் நிலத்தில் அமைக்க இசைவு கேட்டார். சாலைச் செலவுக்கென 23,420 தாலர் கட்டச் சொன்னார்கள். அவ்வொரு வீட்டால் சாலையில் எவ்வளவு நெரிசல் கூடும் என எவரும் கணக்கிடவில்லை. பட்டியலில் இருந்த தொகை அது. சட்டமியற்றி எல்லார்க்கும் விதித்ததாகலின் தனிக்கணக்கு வேண்டா என்றன மாநில முறைமன்றங்கள். 2024 ஏப்பிரலில் நாட்டின் தலைமை முறைமன்றத்து நடுவர் ஒன்பதின்மரும் ஒருமிக்க அதை மறுத்தனர். வீட்டால் விளையும் சுமைக்கும் கேட்கும் தொகைக்கும் தொடர்பும் ஒத்த அளவும் வேண்டும். சட்டமியற்றி வாங்கினாலும் அலுவலர் தனியே கேட்டு வாங்கினாலும் அவ்வளவுகோலுக்கு விலக்கில்லை என்றனர்.

ஆயின், பட்டியற் கட்டணத்துக்கு அவ்வளவுகோல் எத்துணை நுணுக்கமாய்ப் பொருந்தும் என்பதைச் சொல்லாமலே வழக்கைத் திருப்பியனுப்பினர். சொல்லியிருத்தல் வேண்டும். பட்டியல் வைத்தல் குற்றமன்று. தொகை எக்கணக்கில் வந்தது, எச்சாலைக்குப் போகிறது என்று கட்டியவர் கேட்கும்போது காட்ட ஏடு இல்லாமையே குற்றம்.