இடங்கொடுக்கும் இரும்பு

அடுக்களையிலே காய்கறி நறுக்கும் கத்தி வெறும் இரும்பாலானதன்று. தூய இரும்பு மென்மையானது; எத்துணை தீட்டினும் விரைவில் மழுங்கிவிடும். அதனை உருக்காக்கி உறுதியளிப்பது, பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாகக் கலந்துள்ள காபனே. இத்துணைச் சிறு பொருள் அவ்வுறுதியை எங்ஙனம் அளிக்கின்றது?

சந்தையில் தோடம்பழங்களை அடுக்கி வைத்திருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். எவ்வளவு நெருக்கமாக அடுக்கினும் அவற்றிடையே சிறு வெளிகள் எஞ்சும். அவற்றினுள் நெல்லிக்காய்களைச் செருகலாம். இரும்பு, தைத்தேனியம், தங்குதன் முதலிய தாண்டல் மூலகங்களின் அணுக்களும் இவ்வாறே அடுக்கப்பட்டுள்ளன. காபன், நைதரசன், ஐதரசன் ஆகியவற்றின் சிற்றணுக்கள் அவ்வெளிகளிற் குடிபுகுகின்றன. இங்ஙனம் உண்டாவனவே இடைச்செருகற் சேர்வைகள். தைத்தேனியம் 1,668 பாகை செல்சியஸில் உருகும். காபன் புகுந்த தைத்தேனியமோ 3,000 பாகையைக் கடந்த பின்னரே உருகும்.

தூய இரும்பை வளைக்குங்கால் அணுவடுக்குகள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லும். இடையிற் புகுந்த காபன் அவ்வழுக்கலைத் தடுக்கின்றது. உருக்கைச் செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது அணுக்களின் அடுக்குமுறை மாறி வெளிகள் பெரிதாகின்றன. காபன் எளிதிற் புகுகின்றது. கொல்லர் அதனை உடனே நீரில் தோய்த்தால், காபன் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்ளும். உருக்கு மிக்க வன்மை பெறும். ஆயினும் நொறுங்குந் தன்மையும் உடன் வரும். ஆதலின் சற்றே மீண்டுஞ் சூடாக்கிப் பதப்படுத்துவர்.

இக்கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சோழகக் காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புலைகள் இயங்கின. அவற்றைப்போல் மீள அமைத்த உலையிற் காபன் மிக்க உருக்குக் கிடைத்ததென 1996இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆனால், குடிபுகுவோர் அனைவரும் நன்மை செய்வாரல்லர். அமிலத்திலிட்ட இரும்பினுள் ஐதரசன் நுழைந்து, அதனை எளிதில் முறியச் செய்வதை இங்கிலாந்திலே வில்லியம் ஜோன்சன் என்பார் 1875இல் எடுத்துக்காட்டினார். ஐதரசனை எரிபொருளாக உருக்குக் குழாய்களிற் கொண்டுசெல்ல முனைவோர் இன்று அஞ்சுவதும் இதனையே.

எவருக்கு இடங்கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதிலேதான் இரும்பின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன. இல்லறம் நடத்தும் நமக்கு இஃது அறியாத செய்தியன்று.