கரும்புக் கொல்லையில் டாங்கிகள்

நண்பர் ஒருவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "கட்டை வண்டி சேற்றில் புதையும், சரி. டாங்கிக்குத்தான் சக்கரங்களின் மேல் இரும்புச் சங்கிலி சுற்றியிருக்கிறதே! அதுவும் ஏன் மாட்டிக்கொள்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

சங்கிலி செய்யும் உபகாரம், பாரத்தைப் பரப்புவது. 45 டன் இரும்பை வெறும் சக்கரங்களின் மேல் நிறுத்தி வயலில் இறக்கினால், அச்சு வரையில் போய்விடும். அதே பாரத்தை அகலமான இரண்டு பட்டைகளின் மேல் பரப்பினால் ஒரு சதுர அங்குல மண்ணின் மேல் விழுவது சுமார் 12, 13 ராத்தல்தான். நாம் நடக்கையில் ஒற்றைக் காலால் மண்ணை அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் முழங்கால் வரை புதைந்த மனிதன் காலை உருவிக்கொள்வான். டாங்கிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அதன் அடிவயிறு தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. சங்கிலி அந்த ஆழத்துக்குப் புதைந்ததும் வயிறு தரையில் படிந்து, பாரம் முழுவதும் அதன் மேல் இறங்கிவிடும். பிறகு என்ஜின் எவ்வளவு உறுமினாலும் சங்கிலி சேற்றைக் கடையுமே தவிர வண்டி அசையாது. திரும்புவதோ இன்னும் சங்கடம். ஒரு பக்கத்துச் சங்கிலியின் வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோ, மறு பக்கத்தை வேகமாக ஓட்டித்தான் டாங்கி பெரும்பாலும் திரும்ப வேண்டும். அப்போது சங்கிலி பக்கவாட்டில் மண்ணை உழும். சில சமயம் கழன்றே போய்விடும்.

சேறுதான் வேண்டும் என்பதும் இல்லை. 1942 ஆகஸ்டு 19-ந் தேதி பிரான்ஸ் தேசத்து டியெப் துறைமுகத்தில் கனடா வீரர்கள் டாங்கிகளுடன் இறங்கினார்கள். அந்த டாங்கிகளுக்குப் பெயர் 'சர்ச்சில்'. இந்தியாவின் சுதந்திரம் என்றால் ஓர் அங்குலமும் நகராத கனவானின் பெயரை வைத்ததாலோ என்னவோ, பல டாங்கிகள் கடற்கரையைவிட்டு நகரவில்லை! அங்கே மணலுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள். சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே கற்கள் புகுந்து நெருக்கவே, சங்கிலிகள் அறுந்தன. மேலே ஏறிய டாங்கிகளையும் தெருக்களின் வாயிலில் ஜெர்மானியர் எழுப்பியிருந்த கான்கிரீட் சுவர்கள் நிறுத்திவிட்டன. கரையிறங்கியவற்றில் ஒன்றுகூட இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை.

நம் நாட்டில் இந்த விஷயம் உயிர்ப் பிரச்னையாக வந்தது 1965 செப்டம்பரில். பஞ்சாப் எல்லையில் கேம்கரண் என்னும் ஊர் கைவிட்டுப் போயிற்று. பாகிஸ்தானின் முதலாவது கவசப் படை, அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகளுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது. எதிரே நின்றது மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் நாலாவது மலை டிவிஷன். மலைக்கென்று ஏற்பட்ட படைக்கு இந்தச் சமவெளியில் ஒளிய ஒரு குன்றுகூடக் கிடையாது. அஸல் உத்தர் என்னும் கிராமத்தைச் சுற்றி லாடத்தின் வடிவில் படைகள் நிறுத்தப்பட்டன. 'சரியான பதில்' என்று பொருள்படும் பெயர் அந்த ஊருக்கு எப்படித்தான் அமைந்ததோ!

குன்று இல்லாவிட்டால் என்ன? வாய்க்கால் இருந்தது, ஆளை மறைக்கும் கரும்பு இருந்தது. வாய்க்கால் கரைகளை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். நம் டாங்கிகளும் பீரங்கிகளும் கரும்புக்குள் பதுங்கின. இந்த யுக்தியை எழுதுவது சுலபம். செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். தண்ணீருக்கு நம்மவன், அயலான் என்ற பேதம் தெரியாது. எதிரிக்குச் சேறான நிலம் நமக்கும் சேறே. பின்வாங்க நேர்ந்தால் நம் வண்டிகளும் அதிலேதான் அகப்படும். அந்தக் கரும்பையும் யாரோ ஒரு குடியானவன் நட்டு வளர்த்திருக்கிறான். போர்ச் சரித்திரங்கள் அவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பாட்டன்கள் வந்தன. ஈர மண்ணில் வேகம் குறைந்தது. சில அப்படியே அமிழ்ந்தன. மற்றவை உலர்ந்த தரையைத் தேடித் திரும்பின. டாங்கிக்கு முகத்தில்தான் கவசம் கனம். திரும்பினால் மெலிந்த விலாவைக் காட்ட வேண்டியதுதானே? கரும்புக்குள் காத்திருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

வெற்றி முழுவதையும் சேற்றின் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. நமக்கு அது சம்மதமில்லை. பள்ளமோ, சுவரோ, சேறோ, எந்தத் தடையும் டாங்கியைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். அதைக் கண்காணிக்கப் பீரங்கி இல்லாவிட்டால் எதிரி சாவகாசமாக இறங்கி, வடம் கட்டி, மற்றொரு டாங்கியால் இழுத்துக்கொண்டு போய்விடுவான். அஸல் உத்தரில் பீரங்கிக்குப் பின்னால் மனிதர்கள் நின்றார்கள். ஹவில்தார் அப்துல் ஹமீது ஒரு சாதாரண ஜீப்பின் மேல் பொருத்திய பீரங்கியைக் கொண்டு, மாற்றி மாற்றி இடம் பெயர்ந்து, பல பாட்டன்களை உடைத்தார். செப்டம்பர் 10-ந் தேதி அந்தக் களத்திலேயே உயிர் துறந்தார். அவருடைய மனைவி ரசூலன் பீவியிடம் பரம வீர சக்கரம் அளிக்கப்பட்டது.

அங்கே எதிரி இழந்தவை நம் தரப்புக் கணக்கின்படி 97 டாங்கிகள். பல பழுதில்லாமலே பிடிபட்டன. அவற்றை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி, அந்த இடத்துக்குப் 'பாட்டன் நகர்' என்று பெயரிட்டார்கள். பிறகு அவை தேசத்தின் பல ஊர்களுக்கும் காட்சிப் பொருளாகச் சென்றன. நேயர்கள் எங்கேனும் ஒன்றைக் காண நேர்ந்தால், நீண்ட பீரங்கியை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். சற்றுக் குனிந்து, அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை இடைவெளி இருக்கிறதென்று ஒரு சாண் வைத்துப் பாருங்கள்.