இரண்டு மணி நேரக் கூலிக்கு ஒரு கட்டில்

வெள்ளவத்தையில் காலி வீதியின் மேல்மாடிப் பலகைகளை அண்ணாந்து படித்துக்கொண்டு நடப்பவருக்குப் பிரித்தானியாவைப் பற்றி இரண்டு செய்திகள் தெரியவரும். அங்கே படிக்கலாம், படிக்கும்போதே வாரம் 20 மணி நேரம் உழைக்கலாம். இரண்டாவது செய்திதான் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு பலகையும் சொல்வதில்லை. ஏஜென்சிக்கு அதில் கமிஷன் இல்லை.

2025இல் நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எரிச்சல் வராமல் இருக்காது. ஜூலையில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத், 40 நாட்டவருக்கு இலங்கையின் சுற்றுலா விசாக் கட்டணத்தை நீக்கப்போவதாக அறிவித்தார். பட்டியலில் பிரித்தானியாவும் இருந்தது. நவம்பரில் லண்டனில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், வெளிநாட்டு மாணவருக்கு ஆளுக்கு வருடம் 925 பவுண் என்று 2028இலிருந்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிடம் அறவிடப்போவதாக அறிவித்தார். பல்கலைக்கழகங்கள் அதை யார் தலையில் கட்டும் என்று அறியப் பொருளியல் பட்டம் தேவையில்லை. அதே நவம்பரில், லண்டனில் படிக்கப் போகிறவர் வங்கியில் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவும் மாதம் 1,529 பவுணாக ஏறியது. ஒன்பது மாதத்துக்கு 13,761. 2025 ஏப்ரல் கணக்கில் மாணவர் விசாவுக்கு 524 பவுண், சுகாதாரக் கட்டணம் வருடம் 776. பட்டம் முடித்தபின் தங்கி வேலை தேடும் காலமும் 2027 ஜனவரி முதல் 24 மாதத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

மான்செஸ்டர் பையன் தோளில் பையுடன் எல்ல ரயில் நிலையத்தில் இறங்குவதற்குக் காசு கேட்க வெட்கப்படுகிறோம். கொட்டாஞ்சேனைப் பையன் மான்செஸ்டரை எட்டிப் பார்க்க 2025 ஏப்ரல் கணக்கில் 127 பவுண் கட்டி, கைரேகை கொடுத்து, வங்கிக் கூற்றை நீட்டிவிட்டுக் காத்திருக்கிறான். மறுத்தால் அந்தக் காசும் திரும்பாது.

அந்த 13,761 பவுணில் வாடகை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஒரு நாளாவது ஊர் பார்க்க என்று ஒதுக்கிய பவுண் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பிரித்தானிய உள்துறை அமைச்சும் வெள்ளவத்தை அம்மாமாரும் ஒரே கட்சி. படிக்கப் போன பிள்ளை ஏன் ஊர் சுத்துது?

சுற்றுவதும் இல்லை என்பதுதான் உண்மை. கட்டுநாயக்கவில் ஏறும் பிள்ளை ஹீத்ரோவில் இறங்கி ஹரோவிலோ டூட்டிங்கிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஒரு சித்தப்பா வீட்டு மேலறைக்குப் போகிறது. விரிவுரை, பெற்றோல் செட், மேலறை. வருடத்தில் ஒரு தடவை வேல்ஸுக்குப் போகும். அதுவும் 1973இல் இலங்கையரான குரு ஸ்ரீ சுப்பிரமணியம் கார்மாதன்ஷயரில் நிறுவிய ஸ்கந்த வேல் ஆலயத்துக்கு, பத்துப் பேருடன் வானில். (அந்த ‘வேல்’ பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நம்மவர் காதில் அது முருகன் கையில் உள்ளதாகவே விழுகிறது, விழட்டும்.) பூசை, அன்னதானம், திரும்பவும் வான். வேல்ஸ் நாடு கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும்.

லண்டனில் 1888 முதல் 1891 வரை சட்டம் படித்த ஒரு குஜராத்தி மாணவன் இதைவிட நன்றாகச் செய்தான். செலவை ஒவ்வொரு சல்லியாக எழுதிவைத்தான், வண்டிக்காசை மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு எட்டு, பத்து மைல் நடந்தான், வைட் தீவின் வென்ட்னருக்குப் போனான். பாரிஸ் பொருட்காட்சிக்குப் போய் மலிவான அறையில் ஏழு நாள் தங்கி, அந்த நகரத்தையும் பெரும்பாலும் கால்நடையாகவே பார்த்தான். காந்தி படிப்பைக் கோட்டைவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

அவர் காலத்தில் பயணிக்குக் கட்டில் மட்டும் வாடகைக்கு விடும் ஹொஸ்டல் இல்லை. அது ஒரு ஜெர்மன் பள்ளிக்கூட வாத்தியாரின் மூளையில் உதித்தது. 1909இல் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிக்கொண்டு போன ரிச்சர்ட் ஷிர்மான் இடிமழையில் மாட்டி, ஒரு கிராமத்துப் பள்ளியில் வைக்கோல் பரப்பி அவர்களைப் படுக்கவைத்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் எல்லாம் இப்படித் திறந்தால் என்ன என்று அன்றிரவு யோசித்தவர், 1912இல் அல்டெனா கோட்டைக்குள் முதல் நிரந்தர ஹொஸ்டலை அமைத்தார். 1930இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளைஞர் ஹொஸ்டல் சங்கம் பிறந்தது. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். கூட்டித் துடைக்க ஒத்தாசை செய்யவேண்டும், காரில் வந்தவருக்கு இடம் கிடையாது. கையில் காசு குறைந்த இளைஞர் நாட்டுப்புறத்தைக் காணவேண்டும் என்பதை அமைப்பின் நோக்கமாகவே எழுதிவைத்தார்கள்.

இனி ஒரு கணக்கு. சலித்தாலும் பரவாயில்லை, இந்தக் கட்டுரையின் ஆணி அதுதான். 2025 ஏப்ரல் கணக்கில் பிரித்தானியாவில் 21 வயது கடந்தவருக்கு மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 12 பவுண் 21 பென்ஸ். லண்டனுக்கு வெளியே, கூட்டமில்லாத நாளில், பொது அறையில் ஒரு கட்டில் 15 முதல் 25 பவுண். அதாவது பெற்றோல் செட்டில் இரண்டு மணி நேரம் நின்றால் ஓர் இரவு. இங்கே 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபாய், எட்டு மணி நேரமென்றால் மணிக்கு 150. வெள்ளவத்தையில் ஒரு சாதாரண லொட்ஜ் அறையை நாலாயிரம் என்று வைத்துக்கொள்வோம். 26 மணி நேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். மூன்று நாள் கூலியைத் தாண்டுகிறது. கூலியால் அளந்தால் ஓர் ஏழை மாணவனுக்கு எடின்பரோ கொழும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் மலிவு. அறையும் கட்டிலும் ஒன்றல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அதுதான் குறையே: கட்டிலை மட்டும் வாடகைக்கு விடும் பழக்கம் இங்கே டொலரோடு வருகிறவருக்குத்தான் உண்டு, எல்லயில், மிரிஸ்ஸவில், அறுகம் குடாவில்.

நமக்கு வாய்த்தது லொட்ஜ். கொட்டாஞ்சேனை புதுச்செட்டித் தெருவிலும் வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளிலும் முப்பது வருடம் அது வெளிநாட்டுக்கான காத்திருப்பு அறையாக இருந்தது. கடவுச்சீட்டுக்கு வந்தவர், நேர்முகத்துக்கு வந்தவர், அண்ணனின் ஸ்பொன்சர் கடிதத்துக்குக் காத்திருந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர். ஊர் பார்க்க வந்தேன் என்று அங்கே யாரும் சொல்லமுடியாது. சொன்னால் சந்தேகம். 2007 ஜூன் தொடக்கத்தில் பொலிஸ் மாஅதிபர் விக்டர் பெரேரா, தக்க காரணம் இல்லாதவர்கள் கொழும்பில் தங்கவேண்டாம் என்றார். 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் கதவைத் தட்டி, 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். சாமான் கட்டுவதற்குப் பலருக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிரதமர் ரட்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தமும் தெரிவித்தார். ஆனால் பையோடு தனியே ஓர் அறையில் இருக்கும் பிள்ளை என்றால் தமிழ்த் தாயின் வயிற்றில் என்ன நடக்கும் என்பதை அந்தத் தடையுத்தரவு மாற்றவில்லை. லீட்ஸில் ஹொஸ்டலில் நிற்கிறேன் என்று மகள் வட்ஸ்அப்பில் சொன்னதும், ‘ஏன் பிள்ளை, அங்க சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?’ என்று அம்மா கேட்பது இங்கிலாந்தைப் பற்றிய பயமே இல்லை. அது புதுச்செட்டித் தெருப் பயம்.

பிரித்தானியாவிலும் பதிவேடு உண்டு. 1972இல் வந்த ஹோட்டல் பதிவேட்டுக் கட்டளை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 16 வயது கடந்த எவரும் தங்குமிடத்தில் பெயரும் நாடும் சொல்லவேண்டும். ‘அந்நியர்’ என்றால் கடவுச்சீட்டு இலக்கத்தையும் அடுத்து எங்கே போகிறார் என்பதையும் சொல்லவேண்டும். இங்கேதான் வேடிக்கை. அந்தச் சட்டத்தின் மொழியில் பொதுநலவாயக் குடிமக்கள் அந்நியர் அல்லர். ஜெர்மன்காரர் அந்நியர், அமெரிக்கர் அந்நியர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை அல்ல. வரவேற்பு மேசையில் இருப்பவர் பழக்கதோஷத்தில் எல்லாரிடமும் கடவுச்சீட்டைக் கேட்கலாம். சட்டம் நம் பிள்ளையிடம் பெயரும் நாடும்தான் கேட்கிறது. அதே பிள்ளை மாணவர் விசாவில் இருந்துகொண்டு பிரித்தானியப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கவும் முடியும். சொந்த நாட்டுத் தேர்தலில் அங்கிருந்து வாக்களிக்க முடியாது.

இவ்வளவு உரிமையும் ஏட்டில் இருக்க, எந்த ஏஜென்சியும் ஏன் ஒரு வார்த்தை சொல்வதில்லை? விசா நிரப்பும் கடைகள் மாணவனைக் கட்டணமாகப் பார்க்கின்றன, பல்கலைக்கழகங்கள் வருமானமாகப் பார்க்கின்றன, வீட்டார் அனுப்பப்போகும் பணமாகப் பார்க்கிறார்கள். இந்த மூவருக்கும் அவன் யோர்க்கின் மதில்மேல் நடப்பதால் ஒரு சதமும் இல்லை. போகாமலே பிரித்தானியப் பட்டம் வாங்குவோர் தொகையில் இலங்கை உலகின் முன்வரிசையில் நிற்பது இதன் உச்சம். சான்றிதழ் போதும், நாடு வேண்டாம்.

பாதுகாப்பு என்பார்கள். 2024 கோடையில் சவுத்போர்ட் கொலைகளுக்குப் பிறகு ரொதர்ஹாமில் புகலிடம் கோரியோர் தங்கிய ஹோட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தார்கள், உண்மை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகும் கொழும்பில் வீடு வாங்கிய சமூகம் அதைச் சொல்லிப் பயம் காட்டக்கூடாது. பெண் பிள்ளை என்பார்கள்; பெண்களுக்கு மட்டுமான அறைகள் உண்டு. காசு என்பார்கள். மேலே கணக்கு இருக்கிறது. 16-25 ரயில் அட்டை 35 பவுண், கட்டணத்தில் மூன்றிலொன்று கழியும். தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001இலிருந்து நுழைவுச்சீட்டே இல்லை.

இலவசமாக என்னதான் பார்க்கலாம்? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பொன் பூசிய வெண்கலத் தாரா சிலையைப் பார்க்கலாம். ஆளுநர் பிரவுன்றிக் கொண்டுபோய் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. மட்டக்களப்பு மாணவிக்கு அதைக் காண இவ்வளவு செலவு. நுவரெலியாவிலிருந்து போன பிள்ளை ஸ்கொட்லாந்துக்குப் போகலாம். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஊரான ஓகன்பிளே அங்கே ஒரு சின்னக் கிராமம். அந்தத் தேயிலையை உலகுக்கு விற்றுச் செல்வம் சேர்த்த தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவின் தென் இடுகாட்டில் கிடக்கிறார். லயத்துப் பிள்ளை ஒன்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றால் அதைச் சுற்றுலா என்றா சொல்வது? ஐந்து தலைமுறைக் கணக்கில் எதிர்ப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது என்றே சொல்லவேண்டும். லேக் மாவட்டத்து என்னர்டேலில், ஆட்டிடையர் குடிலாக இருந்த பிளாக் செயில் ஹொஸ்டலுக்குக் காரில் போகமுடியாது, நடந்தோ சைக்கிள் மிதித்தோதான் போகவேண்டும். லண்டனில் சித்தப்பாவிடம் எத்தனை கார் இருந்தாலும் அங்கே பயனில்லை.

பிரித்தானியரும் தங்கள் சொத்தைக் கட்டிக் காக்கவில்லை. 2023இல் ஹொஸ்டல் சங்கம் 20 ஹொஸ்டல்களை விற்பனைக்குப் போட்டது. இங்கே நிலைமை இன்னும் மோசம். மலைநாடு முழுக்க அரச திணைக்களங்களின் சேர்கிட் பங்களாக்கள் நிற்கின்றன, உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு மெத்தை விரித்தபடி. வவுனியாப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தனியே போய் ஓர் இரவு கேட்டுப் பார்க்கட்டும். அந்த இலட்சணத்தில் தென்கரையில் 2024 பெப்ரவரியில், வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று ஓர் இரவு விருந்தை விளம்பரம் செய்யும் துணிச்சலும் வந்தது. ஊர் கொதித்த பிறகுதான் அதை நிறுத்தினார்கள்.

ஆகவே விஜித ஹேரத் அந்தக் கட்டண நீக்கத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கக்கூடாது. பிரித்தானியாவிடம் இளைஞர் நடமாட்டத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியா, கனடா, ஜப்பான், உருகுவே, சான் மரீனோ நாட்டு இளையோர் அதில் போய் வேலை செய்யலாம், சுற்றலாம். இந்தியா பேரம் பேசி 2023இலிருந்து வருடம் 3,000 இடங்களை வேறொரு திட்டத்தில் வாங்கியிருக்கிறது, குலுக்கல் முறையில். இலங்கைக்கு ஒரு இடமும் இல்லை. முந்நூறு கேட்டாலும் போதும். ஒப்புக்கொள்ளும் நாள்வரை பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒவ்வொருவரிடமும் 50 டொலரை வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காசில் அநுராதபுரம், திருகோணமலை ரயில் நிலையங்களின் பழைய ஓய்வறைகளுக்குள் ஆறு ஆறு கட்டில் போட்டு, ஒரு நாட்கூலிக்குள் நம் மாணவருக்கு விடலாம். பதிவேட்டில் பெயருக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம். ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தை மட்டும் அச்சடிக்காமல் விட்டுவிடவேண்டும்.