நடப்பதற்கும் நிலம் வேண்டும்

ஒரு நகரத்தின் யோக்கியதையை அறிந்துகொள்ள அதன் கச்சேரிக் கட்டடங்களையும் கடைவீதிகளையும் மட்டும் பார்த்தால் போதாது. பொழுது விடியுமுன் அவ்வூர்ப் பிரஜைகள் எங்கே உலாவுகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டபின் குழந்தைகள் எங்கே ஓடுகிறார்கள், வீட்டில் வளர்க்கும் நாயை எங்கே கொண்டுபோய் நடத்துகிறார்கள் என்பவற்றையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல் நகரத்தைப் பற்றி இக்கேள்விகளைக் கேட்டால் கிடைக்கும் விடை நாம் பெருமை கொள்ளத் தக்கதாயில்லை. திருச்சி ரோட்டிலும் பழனி ரோட்டிலும் வத்தலக்குண்டு ரோட்டிலும் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதையே தேகாப்பியாசமென்று பலர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணலாம். குடிதண்ணீருக்கும் சாக்கடைக்குமே வழி தேட வேண்டிய காலத்தில் உலாவுமிடமும் ஒரு கேடா, அதிலும் நாய்க்கு ஓர் இடமா என்று கேட்பார்கள். இவர்களுக்கு நாம் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் நீரிழிவு நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுமாரான வேகத்தில் உடலை உழைக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. இந்நோய்க்கு வைத்தியர் எழுதித் தரும் மருந்துகளில் காசில்லாமல் கிடைக்கக் கூடியது நடை ஒன்றே. வைத்தியர் ‘நட’ என்கிறார். நகரமோ நடக்க இடம் தருவதில்லை. தோட்டமும் மாடியும் உடைய தனவந்தன் தன் வீட்டுக்குள்ளேயே உலாவிக்கொள்வான். ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் பொதுப் பூங்காவை விட்டால் வேறு கதி ஏது? ஆகையால் இது ஏழைகளின் விஷயமே.

திண்டுக்கல் முனிசிபாலிடி 1866-இல் ஏற்பட்டது, 2014-இல் மாநகராட்சியாயிற்று. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணிதப்படி சுமார் 14 சதுர கிலோமீட்டருக்குள் 2,07,327 பேர் வசித்தார்கள். பெயர் உயர்ந்தது, ஜனத்தொகை உயர்ந்தது, நிலத்தின் விலை எல்லாவற்றையும் விட உயர்ந்தது. விலை உயர உயரத் திறந்த வெளி சுருங்குவது எங்கும் காணும் இயல்பு. அந்த இயல்பைச் சட்டத்தால் தடுத்து நிறுத்துவதற்கே ஸ்தல சுயாட்சி இருக்கிறது.

‘ஊரை ஒட்டி மலை நிற்கிறதே, அதில் ஏறி இறங்கலாமே’ என்று சிலர் சொல்வர். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் கோட்டை எழுந்த அம்மலை, 1755-இல் ஹைதர் அலியின் கைக்கு வந்து, பின்னர் திப்புவிடமிருந்து 1792-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் கும்பினியார் வசமாயிற்று. இன்று அது மத்திய சர்க்காரின் தொல்லியல் இலாகாவின் பாதுகாப்பிலுள்ள சின்னம். அங்கே செல்லக் கட்டணம் உண்டு. நேரக் கட்டுப்பாடும் உண்டு. மேலும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள், அவற்றின் பராமரிப்புக்காக அன்றி வேறெதற்கும் பிராணிகளைக் கொண்டுவரலாகாதென்று 1959-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. இத்தடை நியாயமானதே. முன்னோர் விட்டுச் சென்ற மதிலும் மண்டபமும் நாய் உலாவும் திடலல்ல. ஆனால் கோட்டை இருக்கிறதென்று காட்டி மாநகராட்சி தன் கடமையிலிருந்து விலகிக்கொள்வது நியாயமாகாது.

‘சிறுமலை இருக்கிறதே’ என்றும் சொல்வர். பதினெட்டு வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய அம்மலைக்குத் தினந்தோறும் சென்று வரக்கூடியவர் யார்? அன்றியும் காட்டில் நாயை அவிழ்த்துவிடுவது பெருந்தவறு. வெறிநோயும், நாய்களைக் கொல்லும் வேறு தொற்று நோய்களும் காட்டு மிருகங்களுக்குப் பரவுவது அவ்வழியேதான். 2022-ஆம் வருஷம் திண்டுக்கல், கரூர் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாகச் சர்க்கார் அறிவித்தனர். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதற் சரணாலயம் அதுவே. மரத்தைவிட்டு மெல்ல இறங்கித் தரையைக் கடக்கும் அச்சிறு பிராணிக்கு நாயை விடக் கொடிய எமன் வேறு வேண்டுமோ? ஆகவே கோட்டையும் கூடாது, காடும் கூடாது, ரஸ்தாவும் ஆபத்து என்றால், எஞ்சி நிற்பது நகரத்தின் பூங்காவும் திடலுமே.

நாயை வளர்ப்பதே வேண்டாமென்று சொல்லிவிடலாமென்றால், அதுவும் நடக்கிற காரியமல்ல. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற நம் தென்னாட்டு ஜாதி நாய்கள் தலைமுறை தலைமுறையாக இச்சமவெளிகளில் ஓடிப் பழகியவை. முயலைத் துரத்தவும் பட்டியைக் காக்கவும் வளர்க்கப்பட்டவை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது, அது நன்றே. ஆனால் ஓடுவதற்கே பிறந்த அந்த நாயை இன்று மூன்று முழச் சங்கிலியில் மாடிப்படியின் கீழ் கட்டி வைத்துவிட்டு, அது குரைக்கிறது, கடிக்கிறது என்று முறையிடுகிறோம். 1960-ஆம் வருஷத்து மிருக வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் படித்தவர் எத்தனை பேர்? எப்பொழுதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்பட்டிருக்கும் நாயைத் தக்கபடி நடமாட்டிப் பயிற்சி கொடுக்கத் தவறும் எஜமானன் குற்றவாளியென்று அது சொல்லுகிறது. முதற் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை. அபராதம் சிறிதென்பதால் கடமை சிறிதாகிவிடாது. சட்டம் ஒருவனை ‘நாயை நடத்து’ என்று கட்டாயப்படுத்துமானால், எங்கே நடத்துவதென்பதற்கும் யாரோ ஒருவர் விடை சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் மாநகராட்சியே.

இங்கே எதிர்க்கட்சியாரின் வாதத்தை நாம் மறைக்கவில்லை. 2024-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவற்காரரின் ஐந்து வயதுப் பெண்குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அச்செய்தியைப் படித்து நெஞ்சு பதறாதவர் இல்லை. குழந்தை விளையாடுமிடத்தில் நாய்க்கு என்ன வேலை என்று ஒரு தாய் கேட்டால் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆயினும் அந்த விபத்தை ஆராய்ந்து பார்த்தால், பூங்காவில் நாய் இருந்தது மட்டும் காரணமன்று. நாய் கட்டின்றி இருந்ததும், எஜமானனுக்குப் பொறுப்பில்லாததும், குழந்தைக்கும் நாய்க்கும் ஒரே இடமாயிருந்ததுமே காரணங்களென்று விளங்கும். வாயிலில் ‘நாய்களுக்கு அனுமதியில்லை’ என்று பலகை தொங்கவிட்டால் இம்மூன்றில் ஒன்றும் தீராது. நாய் தெருவுக்குப் போகும். தெருவிலும் குழந்தைகள் இருக்கின்றனர். போதிய நடமாட்டமில்லாத நாயே மூர்க்கமடைகிறதென்றும், பூங்காக்களில் நாய்களை அடியோடு தடுப்பது குறுகிய நோக்கென்றும், வேண்டுமானால் நேரம் குறித்து அனுமதிக்கலாமென்றும் இந்திய விலங்கு நல வாரியமே 2015-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

இனி நிலம் எங்கே என்ற கேள்வி. 1959-ஆம் வருஷத்திலேயே நம் மாகாணச் சட்டசபை, பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் எல்லையிலுள்ள அத்தகைய இடங்களுக்கெல்லாம் ஜாபிதா தயாரித்துச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். ஜாபிதாவில் ஏறிய இடத்தைச் சர்க்காரின் முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாகாது. அன்றியும் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் ரஸ்தா நீங்கலாக நூற்றுக்குப் 10 பங்கு நிலம் பொது உபயோகத்துக்கென ஒதுக்கி, ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட வேண்டுமென்பது விதி. சட்டமும் விதியும் ஜனங்களின் பக்கத்தில் நிற்கின்றன. ஜனங்கள்தாம் அவற்றின் பக்கத்தில் நிற்பதில்லை.

1991-இல் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த ஒரு தீர்ப்பை நம் வாசகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க அதிகாரிகள் உத்தரவிட்டனர். அப்பேட்டைவாசிகள் சிலர் கோர்ட்டுக்குச் சென்றனர். ஆஸ்பத்திரியும் நல்ல காரியந்தானே என்ற வாதம் எடுபடவில்லை. ஜனங்களின் சுவாசத்துக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கிய நிலத்தைத் தனியாருக்கு மாற்றிக் கொடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லையென்றும், வட்டாரவாசிகளுக்கு வழக்காடும் பாத்தியதை உண்டென்றும் தீர்ப்பாயிற்று. முத்தப்பா வழக்கென்று வழங்கும் அத்தீர்ப்பு தேசமெங்கும் செல்லும்.

கோர்ட்டுக்குப் போவார் இல்லாத காலத்தில் என்ன நேரும் என்பதற்குச் சென்னையே சாட்சி. கவர்னர் டிரெவில்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, பொதுஜனங்களுக்கென்று 116 ஏக்கரில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ அமைந்தது. பிறகு மூர் மார்க்கெட் வந்தது, விக்டோரியா மண்டபம் வந்தது, 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடமே வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. பூங்காவைக் காக்க வேண்டியவர்கள் அதன் இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தனர்! வந்தவை ஒவ்வொன்றும் நல்ல காரியமே. ஆயினும் நல்ல காரியங்களாலேயே அழிந்தது அப்பெருந்தோட்டம். திண்டுக்கல்லிலும் நாளை ஒரு திடலின்மேல் ஆபீஸோ மார்க்கெட்டோ எழுமானால், அதுவும் நல்ல காரியமென்றே சொல்லப்படும்.

ஆகையால் மாநகராட்சிக்கு நாம் சொல்லுவது இதுதான். முதலாவது, நகரத்திலுள்ள பூங்கா, திடல், மனைப்பிரிவுப் பொது நிலங்களின் ஜாபிதாவை சர்வே நம்பருடன் தமிழில் அச்சிட்டு வார்டுதோறும் ஒட்ட வேண்டும். இரண்டாவது, அவை எல்லாம் விடியற்காலையிலும் அந்தியிலும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும்; விளக்கும் தண்ணீரும் வேண்டும்; பெண்கள் அச்சமின்றி உலாவத் தக்க காவலும் வேண்டும். மூன்றாவது, பெரிய திடல் ஒன்றிலேனும் குழந்தைகளின் இடத்திலிருந்து வேலியால் பிரித்த ஒரு பகுதியை நாய்களுக்கென ஒதுக்கி, நேரம் குறிக்க வேண்டும். நான்காவது, லைசென்ஸும் வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டும் இல்லாத நாய் அங்கே நுழையலாகாது. கயிறும், மூர்க்க ஜாதிக்கு வாய்க்கூடும் கட்டாயம்.

தெரு நாய்களை மறந்து இவ்வேற்பாடு பயன் தராது. உலகில் மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய்களாலேயே வருகிறது. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நாய்களில் நூற்றுக்கு 70-க்காவது தொடர்ந்து ஊசி போட்டுவந்தால் நோய் அடங்கும். கருத்தடை செய்து ஊசி போடும் கடமையை 2023-ஆம் வருஷத்து விதிகள் ஸ்தல ஸ்தாபனங்களிடமே ஒப்புவிக்கின்றன. 2025-இல் சுப்ரீம் கோர்ட்டார் பிறப்பித்த உத்தரவுகளும் அப்பொறுப்பையே வற்புறுத்துகின்றன.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்காரச் சிறுவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு வீட்டில் காபி குடிப்பது நாய் வளர்ப்பதாகாது. நாய் அசுத்தம் செய்த இடத்தைச் சுத்தம் செய்வது தோட்டியின் வேலையன்று, எஜமானனின் வேலை. தன் மிருகத்தால் பிறருக்கு அபாயம் நேராமல் காக்கத் தவறுபவனுக்கு ஆறு மாதச் சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாமென்று, 2024-இல் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 291-ஆவது பிரிவு கூறுகிறது. உரிமை கேட்பவன் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

கடைசியாக, பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். 2016 முதல் 2022 வரை நம் நகர சபைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர்களே இல்லாமல் நடந்தன. அப்பொழுது யாரைக் கேட்பதென்ற ஏக்கம் இருந்தது. இப்போதோ வாக்குக் கேட்டு வீடுதேடி வந்தவர் வார்டுதோறும் உண்டு. அவரிடம் சென்று, ‘நம் வார்டில் பொது நிலம் எத்தனை சென்ட்? அது இன்று யார் வசம் இருக்கிறது?’ என்று கேளுங்கள். அவர் தெரியாதென்றால் ஜாபிதாவைக் காட்டச் சொல்லுங்கள். ஜாபிதா இல்லையென்றால் ஏன் இல்லையென்று எழுத்தில் வாங்குங்கள். தேசத்தின் எல்லையைக் காக்கச் சேனை இருக்கிறது. தெருக்கோடியிலுள்ள திடலின் எல்லையைக் காக்க அத்தெருவாரைத் தவிர வேறு யாரும் இல்லை.